மூன்று கார்கள், மூன்று விதமான கம்ப்யூட்டர்கள்: எதை நம்பி வாங்குவது?

தங்கை வீட்டுக்குக் கார் வாங்க வேண்டும். திண்டுக்கல்லில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு மாதத்தில் இரண்டு முறையாவது பெங்களூர் போய்வர வேண்டிய வேலை. கரூர், நாமக்கல், சேலம், தொப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று வழி நெடுக 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான். அதில் பாதி இரவுப் பயணம். பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளைகள் இரண்டு பேரும் பின்சீட்டில் இருப்பார்கள். "நீங்களே பாத்துச் சொல்லிருங்க மச்சான்" என்று மாப்பிள்ளை பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார். மூன்று வாரம் எனக்கு இதே வேலையாகப் போனது.

கடைசியில் மூன்று கார்கள் மிஞ்சின.

ஒன்று, அப்பா காட்டியது. தெரிந்தவர் ஒருவரிடம் 2012 மாடல் டீசல் ஹேட்ச்பேக் விலைக்கு நிற்கிறது. அடிப்படை வேரியன்ட். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் பார்க்கும் ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. ஆனால் ஒரே கை, அடி படாத வண்டி. "கம்ப்யூட்டரை நம்பி ராத்திரில வண்டி ஓட்டுறது எனக்குச் சரியாப் படல. கேபிளும் லீவருமா இருந்தாத்தான் நம்ம கைக்குள்ள நிக்கும்" என்பது அப்பாவின் பேச்சு.

இரண்டாவது, புதிய சின்ன எஸ்யூவி ஒன்றின் நடு வேரியன்ட். ஆறு ஏர்பேக், ஏபிஎஸ், வழுக்கும் வண்டியை நேராக்கும் இஎஸ்சி, இழுக்கும் லீவர் வைத்த ஹேண்ட் பிரேக். ஓட்டுகிறவருக்குத் துணை செய்யும் ஏடாஸ் என்ற ஏற்பாடு இல்லை.

மூன்றாவது, அதே எஸ்யூவியின் டாப் வேரியன்ட். முன்னால் கேமராவும் ரேடாரும் வைத்த ஏடாஸ், ஸ்விட்சில் வேலை செய்யும் பார்க்கிங் பிரேக், புஷ் பட்டன் ஸ்டார்ட், போனிலிருந்தே ஏசி போடுகிற கனெக்டட் வசதி. ஆன் ரோடு விலையில் இரண்டே முக்கால் லட்சம் கூடுதல். மாப்பிள்ளையின் மனசு இதில்தான் இருந்தது.

ஷோரூமில் தருகிற பட்டியல் "முப்பதுக்கும் மேற்பட்ட பாதுகாப்பு அம்சங்கள்" என்று எண்ணிக்கையைக் காட்டுகிறது. அந்த எண்ணிக்கையை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நான் ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டே வந்தேன்: இந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனாலோ, தப்பாகப் புரிந்துகொண்டாலோ, ஓட்டுகிறவர் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

அப்பா காட்டிய வண்டி

அப்பாவின் பேச்சில் நியாயம் இருக்கிறது. அவர் ஓட்டிப் பழகிய வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து கார்புரேட்டர் வரை ஒரு கேபிள் போகும். சிக்கிக்கொண்டால் பெடலுக்கு அடியில் ஷூ முனையை விட்டு மேலே தூக்கிவிடலாம். பானெட்டைத் திறந்தால் எங்கே சிக்கியது என்று கண்ணுக்குத் தெரியும். பழுது கண்ணுக்குத் தெரிவது பெரிய நிம்மதிதான்.

ஆனால் அவர் காட்டிய 2012 கார் அந்த ரகம் இல்லை. அது காமன் ரெயில் டீசல். அதன் ஆக்சிலரேட்டரில் கேபிளே கிடையாது. பெடலோடு சேர்ந்து இரண்டு சென்சார்கள் இருக்கும். எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை இரண்டும் வெவ்வேறு வோல்டேஜில் ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் ஈசியூ அதற்குத் தகுந்த டீசலைக் கொடுக்கும். ஒத்துப்போகாவிட்டால் இன்ஜினைக் குறைந்த வேகத்திலேயே கட்டிப்போட்டுவிடும். மெக்கானிக்குகள் இதை லிம்ப் மோடு என்பார்கள்.

இது எனக்கே நடந்திருக்கிறது. ஓமலூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது என் பழைய காரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் ஏறவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, இடது ஓரமாகவே ஊர்ந்து ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஈசியூவுக்குப் போகும் ஒயர்க் கட்டைப் பிரித்துக் காட்டினார். எலி கடித்திருந்தது. ஒரு ஒயரில் தோல் உரிந்து செம்புக் கம்பி பளபளத்தது, பக்கத்திலேயே எலிப்புழுக்கை. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான். பிறகு யோசித்துப் பார்த்தால் அந்தக் கம்ப்யூட்டர் செய்தது சரியான வேலை. தனக்கு வரும் தகவலில் சந்தேகம் வந்தவுடன் வேகத்தைக் கூட்டாமல் குறைத்தது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எப்போதும்போல என் கையில் இருந்தன.

ஆக, அப்பா நினைத்த மாதிரி கம்ப்யூட்டர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் கார்புரேட்டர் காலத்துக்கே போக வேண்டும். இந்த 2012 காரில் இன்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டர் இருக்கிறது. சக்கரம் லாக் ஆகாமல் பார்க்கிற கம்ப்யூட்டரும், மோதினால் ஏர்பேக்கை விரிக்கிற கம்ப்யூட்டரும்தான் இல்லை. அந்தக் காலத்து அடிப்படை வேரியன்ட்டுகள் எப்படி இருந்தன என்பதற்குக் கணக்கு உண்டு. 2014 ஜனவரியில், கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் பிரபலமான ஐந்து சின்னக் கார்களை ஏர்பேக் இல்லாத வேரியன்ட்டில் வாங்கி, 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து கார்களுக்கும் பூஜ்ய நட்சத்திரம். அதில் ஒன்றான போலோவையே இரண்டு ஏர்பேக்கோடு மறுபடி சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. கம்பெனியும் அதேதான், காரும் அதேதான்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தப் பெடல்ல கேபிளே இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

சத்தமில்லாமல் வேலை செய்கிறவை

நடு வேரியன்ட்டில் இருக்கும் ஏபிஎஸ்ஸும் இஎஸ்சியும் பார்க்க ஒன்றுமே இல்லாதவை. திரையில் படம் வராது, பேசாது. டெஸ்ட் டிரைவில் காட்டிப் பெருமைப்பட முடியாது. அதனாலேயே வாங்குகிறவர்கள் இவற்றைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கோ இந்த ஒப்பீட்டின் மையமே இங்கேதான் இருக்கிறது.

ஏபிஎஸ்ஸை 1978-இல் பாஷ் கம்பெனி மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் கொண்டுவந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். பிரேக்கை அழுத்தும்போது ஏதாவது ஒரு சக்கரம் சுழலாமல் நின்று வழுக்க ஆரம்பித்தால், அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், ஒரு நொடிக்குள் பல முறை. சக்கரம் சுழல்வதால் ஸ்டீயரிங் பேசும். பிரேக் பிடித்தபடியே விலகிப் போக முடியும்.

நம் ஊரில் இதன் அருமை தெரிகிற இடம் ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் ரோட்டின் பாதியில் சோளத்தையோ உளுந்தையோ காயப்போட்டிருப்பார்கள். எதிரே பஸ் வந்தால் இடது பக்கச் சக்கரங்கள் தானியத்தின் மேல் ஏறும், வலது பக்கம் தார் ரோட்டில் இருக்கும். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால், ஏபிஎஸ் இல்லாத வண்டி பிடிமானம் இருக்கிற பக்கமாக, அதாவது பஸ்ஸை நோக்கித் திரும்பும். வத்தலக்குண்டு பக்கம் எனக்கு இப்படி ஒரு நிமிடம் வந்தது. காலுக்கு அடியில் பெடல் தடதடவென்று உதறியது, கியர் பாக்ஸே உடைந்துவிட்டது போலச் சத்தம். வண்டி நேராக நின்றது. அந்த உதறலுக்குப் பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. எடுக்கக் கூடாது. அதுதான் ஏபிஎஸ் வேலை செய்கிற சத்தம். ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தளர்ந்த ஜல்லி, மணல் மேல் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்கக் கொஞ்சம் கூடுதல் தூரம் எடுக்கலாம். நிற்கும் தூரத்தைவிட, திருப்ப முடிவதுதான் அதன் பலன்.

இஎஸ்சி இதற்கு அடுத்த படி. 1995-இல் இதுவும் மெர்சிடிஸில்தான் வந்தது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினோம் என்று ஒரு சென்சார் சொல்லும். வண்டி நிஜத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் பொருந்தாமல் பின்பக்கம் வாலாட்டத் தொடங்கினால், நாம் கேட்காமலே வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடித்து வண்டியை இழுத்து நேராக்கும், இன்ஜின் வேகத்தையும் குறைக்கும். நாய் குறுக்கே வந்தது, ஸ்டீயரிங்கை ஒடித்தேன், வண்டி டிவைடரில் ஏறிக் கவிழ்ந்தது என்று கேள்விப்படுகிற விபத்துகள் எல்லாம் இந்த இரண்டு நொடிக் கதைகள்தான். மனிதனுக்கு நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் பெடல். ஒற்றைச் சக்கரத்தை மட்டும் பிடிக்க எந்தக் கைதேர்ந்த டிரைவராலும் முடியாது.

1997 அக்டோபரில் ஸ்வீடனில் பத்திரிகையாளர்கள் மெர்சிடிஸின் புதிய ஏ கிளாஸை, குறுக்கே வரும் மானைத் தவிர்ப்பது போல வெடுக்கென்று திருப்பிப் பார்த்தார்கள். கார் கவிழ்ந்தது. விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, அந்தச் சின்னக் காரில் எல்லா வேரியன்ட்டிலும் இஎஸ்சியைக் கட்டாயமாகப் பொருத்தியது கம்பெனி. விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த சாதனம் சாதாரணக் கார்களுக்கு இறங்கியதில் அந்தக் கவிழ்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ஆய்வில், தனி வண்டியாகச் சிக்கும் உயிரிழப்பு விபத்துகளின் வாய்ப்பை இஎஸ்சி ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருந்தது. அங்கே 2012 மாடல்களிலிருந்து அது கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். இந்தியாவில் ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் இருக்கிறது. 2023 அக்டோபரில் இங்கேயே தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க இஎஸ்சி இருந்தாக வேண்டும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இவை கெட்டால் என்ன மிச்சம்? டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் சாதாரண பிரேக் அப்படியே இருக்கும். பழைய காரை ஓட்டுவது போல ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம். ஆயுளில் இரண்டு மூன்று முறை, தலா இரண்டு நொடிக்கு வந்து உதவிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற கம்ப்யூட்டர் இது. நான் முழு மனதோடு நம்புவது இந்த வகையைத்தான்.

பிரேக்கையே முழுக்கக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. மெர்சிடிஸ் 2000-களின் தொடக்கத்தில் சில மாடல்களில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எலக்ட்ரானிக்ஸை வைத்தது. 2004-இல் 6.8 லட்சம் கார்களையும் 2005-இல் 13 லட்சம் கார்களையும் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. அப்புறம் அந்த ஏற்பாட்டையே கைவிட்டது. அதிலும் மின்சாரம் செத்தால் மிதிக்கிற பலத்தில் முன்சக்கரங்களையாவது பிடிக்கிற பழைய ஆயில் வழி ஒன்றை விட்டு வைத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கார் தானாக வேகமெடுத்தால்

அப்பாவின் பயத்துக்கு உண்மையான உருவம் கொடுத்தது டொயோட்டா விவகாரம். இது மூன்று கார்களுக்கும் பொதுவானது, ஏனென்றால் மூன்றிலும் ஆக்சிலரேட்டர் ஒயர் வழியாகத்தான் பேசுகிறது.

2009 ஆகஸ்ட் 28. கலிபோர்னியாவின் சான் டியாகோ அருகே நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவர், டீலர் தற்காலிகமாகக் கொடுத்த, டொயோட்டாவின் லெக்ஸஸ் காரில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தார். கார் வேகமெடுத்தது, நிற்கவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று உள்ளிருந்தே அவசர எண்ணுக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேரும் இறந்தார்கள். வேறு மாடலுக்கான தடித்த ஃப்ளோர் மேட் அந்தக் காரில் போடப்பட்டிருந்தது, அதில் பெடல் மாட்டிக்கொண்டது என்று விசாரணையில் தெரிந்தது. ஓட்டியவர் வண்டி ஓட்டுவதில் பயிற்சி பெற்றவர். இருந்தும், அந்தக் காரில் ஓடும்போது இன்ஜினை அணைக்க ஸ்டார்ட் பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இரவல் காரில் அது யாருக்குத் தெரியும்?

கம்ப்யூட்டர் மேலும் சந்தேகம் எழுந்தது. நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். பெரிய அளவில் வேகமெடுக்க வைக்கும் எலக்ட்ரானிக் கோளாறு எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அறிவித்தது. ஆனால் 2013 அக்டோபரில் ஓக்லஹோமா வழக்கில், 2005 மாடல் கேம்ரியின் மென்பொருளைப் படித்துப் பார்த்த மைக்கேல் பார் என்ற நிபுணர், அதன் குறைகளை ஜூரியின் முன் அடுக்கினார். நினைவகத்தில் ஒரு சின்னப் பிழை விழுந்தாலே, இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டிலைக் கவனிக்கும் வேலை நின்றுபோகலாம், அதைக் கண்டுபிடித்து மீட்கும் காவல் ஏற்பாடு போதாது என்பது அவர் சொன்னதன் சாரம். ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2014 மார்ச்சில், பாதுகாப்புக் குறைகள் பற்றி வாடிக்கையாளர்களைத் தவறாக நம்ப வைத்ததற்காக 120 கோடி டாலர் கட்ட அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

இரண்டு தரப்பில் யார் சரி என்று நாம் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை. வாங்குகிறவருக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு கேள்வி: பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே நேரத்தில் அழுந்தினால் இந்த வண்டி எதைக் கேட்கும்? பிரேக்கைத்தான் கேட்கும் என்றால் அதற்குப் பெயர் பிரேக் ஓவர்ரைடு. நான் பார்த்த புதிய காரின் மேனுவலில் அது எழுதியிருந்தது, இரண்டு வேரியன்ட்டுக்கும் பொது. 2012 காரின் மேனுவலே கிடைக்கவில்லை.

எந்தக் காராக இருந்தாலும் வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். வண்டி அடங்காமல் போனால் முதலில் நியூட்ரல். மேனுவல் கியர் என்றால் கிளட்சை மிதித்தாலே போதும். பிரேக்கை ஒரே அழுத்தாக, விடாமல் அழுத்த வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் பெட்ரோல் வண்டிகளில், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்கான வேக்யூம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். இன்ஜினை அணைப்பது கடைசி, ஏனென்றால் அணைத்தால் பவர் ஸ்டீயரிங் போய்விடும். தங்கையைக் காலி மைதானத்தில் கூட்டிப்போய் இருபது கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பழக்கினேன். ஐந்து நிமிட வேலை.

ஏடாஸ்: ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள்

மாப்பிள்ளை விரும்பிய டாப் வேரியன்ட்டில் யோசிக்க நிறைய இருந்தது. ஏடாஸ் என்று ஒரே சொல்லில் விற்கிறார்கள். உள்ளே இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று, முன்னால் போகும் வண்டி திடீரென நின்றால் பீப் அடித்து எச்சரித்து, நாம் பிடிக்காவிட்டால் தானே பிரேக் பிடிப்பது. இது இஎஸ்சியின் தம்பி என்றே சொல்வேன். எப்போதாவது வரும், ஒரு நொடி வேலை செய்யும், போய்விடும். அமெரிக்க ஆய்வுகளில் பின்னாலிருந்து மோதும் விபத்துகளை இது ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருக்கிறது. நூறு கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. கண் அசந்த ஒன்றரை நொடியில் நாற்பது மீட்டர் போய்விடும். அதில் பாதியை மீட்டுக் கொடுத்தாலும் உயிர் மிஞ்சலாம். இதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அதன் கண் எங்கே மங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நடந்துபோகிறவர்களைப் பார்த்து பிரேக் பிடிக்கும் வசதி, பாதசாரிகள் மீதான மோதல்களை மொத்தத்தில் 27 சதவீதம் குறைத்தது என்று அதே இன்சூரன்ஸ் நிறுவனம் கண்டது. தெருவிளக்கு இல்லாத இருட்டில் மட்டும் எடுத்துப் பார்த்தபோது அந்த வசதி இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசமே இல்லை. மாப்பிள்ளை ஓட்டப்போவது அந்த இருட்டில்தான். இன்னொன்று, நம் நால்வழிச் சாலைகளில் உயிரை வாங்குவது ரிஃப்ளெக்டர்கூட இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகள். ஓடும் வண்டியைப் பிடிப்பது போல, நின்றுகொண்டிருக்கும் வண்டியை அதிக வேகத்தில் நம்பிக்கையாகப் பிடிப்பது பல அமைப்புகளுக்குக் கடினம். எந்த வேகம் வரை பிடிக்கும் என்று மேனுவலில் போட்டிருப்பார்கள். ஷோரூமில் சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டும்.

இரண்டாவது வகை, முன் வண்டியைப் பின்தொடர்ந்து தானே வேகம் கூட்டிக் குறைத்து, கோட்டுக்குள் ஸ்டீயரிங்கையும் பிடித்துக்கொள்வது. இதுதான் விளம்பரத்தில் வருகிறது. எனக்கு உதைப்பதும் இதுதான். இது ஒரு நொடி வந்து போகிற உதவி இல்லை. மணிக்கணக்கில் ஓட்டும், தப்பு செய்கிற அந்த ஒரு நொடியில் மட்டும் நம்மைக் கூப்பிடும், சில சமயம் கூப்பிடாது. சும்மா உட்கார்ந்து கண்கொட்டாமல் காவல் காப்பது மனிதனுக்கு வராத வேலை. அதிலும் விடியற்காலை மூன்று மணிக்கு?

2016 மே மாதம் ஃப்ளோரிடாவின் வில்லிஸ்டனில் ஆட்டோபைலட் என்ற இதே வகை வசதியில் போன டெஸ்லா கார், குறுக்கே திரும்பிய லாரியின் வெள்ளை டிரெய்லரைக் காணாமல் அதன் அடியில் புகுந்தது. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில் உபரின் தானாக ஓடும் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை இரவில் மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கம்ப்யூட்டர் எதையோ பார்த்திருந்தது. அது வண்டியா, சைக்கிளா, வேறு ஏதோவா என்று மாற்றி மாற்றி முடிவு செய்துகொண்டே இருந்தது. அந்த வால்வோ காரில் கம்பெனி வைத்திருந்த அவசர பிரேக்கையும் கம்ப்யூட்டர் ஓட்டும்போது வேலை செய்யாதபடி உபர் அணைத்து வைத்திருந்தது. உள்ளே காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் சாலையைப் பார்க்கவில்லை. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் டெஸ்லா 20 லட்சம் கார்களுக்கு ஆட்டோபைலட் மென்பொருளைத் திருத்த வேண்டிவந்தது. ஓட்டுகிறவர் கவனமாக இருக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு போதவில்லை என்பதே காரணம்.

டெஸ்ட் டிரைவில் திண்டுக்கல் பைபாஸில் மூன்று கி.மீ. அதை ஓட்டவிட்டேன். கோடு நன்றாக இருந்த இடத்தில் அழகாகப் போனது, பொய் சொல்லக் கூடாது. புதுத் தார் போட்டுக் கோடு போடாத இடம் வந்ததும் திரையில் இருந்த பச்சைக் கோடு சத்தமில்லாமல் மறைந்தது. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டது என்பதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் தண்ணீர்க் குடம் கட்டிய டிவிஎஸ் ஒன்று இடது ஓரத்திலிருந்து முன்னால் ஒதுங்கியது. நான் வழக்கம்போல விலகியிருப்பேன். கார் வெடுக்கென்று பிரேக் அடித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் மினி பஸ், ஒரு கை தூரம் இருந்திருக்கும். ஷோரூம் தம்பி, "சென்சிட்டிவிட்டியைக் குறைச்சுக்கலாம் சார்" என்றார். குறைக்கலாம்தான். ஆனால் ஒதுங்கி வரும் வண்டிகளுக்கு நடுவே ஓட்டுகிறவர்கள் பலர் ஒரே வாரத்தில் மொத்தத்தையும் அணைத்துவிடுகிறார்கள், நல்ல முதல் வகையையும் சேர்த்து.

இதற்குப் பராமரிப்பும் உண்டு. கேமரா இருப்பது முன் கண்ணாடியில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால். கல் தெறித்துக் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். பம்பரைத் தட்டிச் சரிசெய்தால் ரேடாருக்கும் அதேதான். நம் ஊர்ப் பட்டறையில் முடிகிற காரியம் இல்லை.

சின்னச் சின்ன வித்தியாசங்கள்

பார்க்கிங் பிரேக் விஷயத்தில் என் முன்முடிவு தப்பாகப் போனது. இழுக்கும் லீவர்தான் ஆபத்துக்கு உதவும் என்று நினைத்திருந்தேன். ஓடும்போது லீவரை இழுத்தால் பின்சக்கரங்கள் மட்டும் பிடித்து வண்டி சுழலும். எலக்ட்ரானிக் ஸ்விட்சை இழுத்துப் பிடித்தால், பெரும்பாலான கார்களில் இஎஸ்சி மூலமாக நான்கு சக்கரத்தையும் சீராகப் பிடித்து நிறுத்துகிறது. பேட்டரி செத்தால் ஸ்விட்ச் விடுவிக்காது என்பது மட்டும் குறை. இதில் டாப் வேரியன்ட்டுக்கே மதிப்பெண்.

சிம் போட்ட கனெக்டட் வசதிக்கு நான் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கமாட்டேன். 2015-இல் சார்லி மில்லர், கிரிஸ் வலசெக் என்ற இருவர், வீட்டில் உட்கார்ந்தபடி இணையம் வழியாக நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியின் இன்ஜின் இழுவையை நிறுத்திக் காட்டினார்கள். பாட்டுப் பெட்டி வழியாக உள்ளே நுழைந்திருந்தார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்குப் பிறகு இப்படி நுழைவதைத் தடுக்க ஐ.நா. விதிகள் வந்தன, ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் அவை பொருந்தும். மறுபக்கமும் உண்டு: 2018-இல் டெஸ்லா மாடல் 3-இன் நிற்கும் தூரம் அதிகம் என்று ஒரு நுகர்வோர் பத்திரிகை சொன்னதும், இணையம் வழியாகவே மென்பொருளை மாற்றி 19 அடி குறைத்தார்கள். நல்லது வரும் வாசலும் கெட்டது வரும் வாசலும் ஒன்றே என்பதால், எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை.

என்ன வாங்கினோம்

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். மாநிலங்களில் அதுதான் முதலிடம். 17,884 பேர் இறந்தார்கள். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அப்பாவின் காரை என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை. எவ்வளவு பணம் மிஞ்சினாலும் சரி.

நடுவுக்கும் டாப்புக்கும் இடையில் முடிவு அவ்வளவு சுலபமாக இல்லை. தானாகப் பிடிக்கும் அவசர பிரேக் மட்டும் நடு வேரியன்ட்டில் இருந்திருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். அதை மட்டும் தனியாகத் தராமல் சன்ரூஃபோடு கட்டி விற்பது எனக்குக் கோபம் தருகிற விஷயம். உயிர் காக்கிற சாமான் கீழ் வேரியன்ட்டிலிருந்தே வர வேண்டும். பகலில் நகரத்துக்குள்ளும் நெரிசல் நெடுஞ்சாலையிலும் ஓட்டுகிறவராக இருந்தால், கையில் பணம் இருந்தால், டாப் வேரியன்ட்டையே எடுக்கச் சொல்வேன். மாப்பிள்ளையின் தேவை இருட்டு. அங்கே அந்தப் பணம் குறைவாகத்தான் வேலை செய்கிறது.

"அப்ப ராத்திரிக்கு என்ன பண்றது மச்சான்?" என்று கேட்டார். ராத்திரி ஓட்ட வேண்டாம் என்றேன். நாகர்கோவில்-பெங்களூரு எக்ஸ்பிரஸ் இரவில் திண்டுக்கல் வழியாகத்தான் போகிறது. விலை வித்தியாசமான இரண்டே முக்கால் லட்சத்துக்குப் பல வருடம் ஏசி பெட்டியில் படுத்துக்கொண்டு போகலாம். டிக்கெட் கிடைக்காத நாளில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பலாம். முணுமுணுத்தார். தங்கைதான் பேசி முடித்தாள்.

நடு வேரியன்ட்டைப் புக் செய்தோம். டெலிவரி அன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி டேஷ்போர்டைப் பார்த்தோம். ஏபிஎஸ், இஎஸ்சி, ஏர்பேக் மூன்று விளக்கும் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் தப்பு, அணையாமல் நின்றாலும் தப்பு. அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்தார். மறுநாள் காலையில் பார்த்தால் கார் ஷெட்டில் இருந்த சாக்கு மூட்டைகளை எல்லாம் அப்புறப்படுத்தி, ஓரமாக இரண்டு எலிப்பொறி வைத்திருந்தார்.